பாதிப் பேச்சைக் கேட்டு மண்ணைக் கொன்றவர்கள்

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே எங்கள் இருவருக்கும் குறையில்லை, மனசுதான் ஆறவில்லை. அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் சரிம்மா, விடும்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுதாகப் படி.

பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நீ மண்ணைப் பற்றிக் கம்ப்யூட்டரில் பேசினாயே, அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி அவர்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான வைரஸ் இருக்கிறது என்று நீ சொன்னது மட்டும் அதில் இருந்தது. அவை நம்மைத் தொடுவதில்லை, மண்ணில் இருக்கும் பாக்டீரியாவைத்தான் பிடித்து உடைக்கின்றன, உடைந்ததில் கிடைக்கும் சத்து மற்ற உயிர்களுக்கும் செடிக்கும் போகிறது என்று நீ அடுத்துச் சொன்னது இல்லை. அதே வாரம் அங்கே இருக்கும் பவ்யா குட்டிக்குக் காய்ச்சல். நம் தோட்டத்து வேலியோரம் விளையாடுகிற பிள்ளை அது. உடனே அவர்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிருபாகரன், நம் மண்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் கொரட்டூருக்கு உன் சித்தி மகள் வளைகாப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருமுனையிலேயே நெடி. கத்தரி, வெண்டை, கீரைப் பாத்தி எல்லாம் ப்ளீச்சிங் பவுடரால் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மண்புழுக்கள் மேலே வந்து வெளுத்துச் செத்துக் கிடந்தன. பவுடர் கொட்ட வந்த கிருபாகரன் ஆட்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது யார் தெரியுமா? உன் அப்பா. கேட்டதற்கு, "இன்னா பண்ணச் சொல்ற வசந்தா, அக்கம்பக்கத்த பகைச்சிக்கினு எப்டி கீறது?" என்கிறார். என்னைப் பகைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறேன், பேச்சு கிடையாது.

பவுடர் வாசம் போனபின் புதிதாகக் கத்தரி நாற்று வைத்தேன். காலையில் நிமிர்ந்து நின்ற செடி பச்சையாகவே துவண்டு சாய்ந்தது. போனில் சொன்னதற்கு, தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் வைத்துப் பார் என்றாய், வெள்ளையாக நூல் போல இறங்கியது. வாடல் பாக்டீரியா, அதை அடக்கி வைத்திருந்த வைரஸும் நல்ல கிருமிகளும் மேல்மண்ணோடு செத்திருக்கும், அடியில் தப்பித்தது முந்திக்கொண்டு ஏறியிருக்கும் என்று நீதான் சொன்னாய். அதைச் சொல்லிவிட்டு, டென்ஷன் ஆகாதே, போனது போகட்டும் என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் படிப்பெல்லாம் இந்த மண்ணைப் பற்றித்தான், உனக்கே அது போனால் போகட்டுமா?

பவ்யாவுக்கு வந்தது டெங்கு. கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் அந்தக் கட்டடத்து லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் புழு புழுவாக எடுத்துக் காட்டினார்கள். பிள்ளை தேறிவிட்டது, அந்த ஒன்றுதான் ஆறுதல். கிருபாகரன் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, ஆன்லைனில் வாங்கிய மண் மூட்டை ஒன்றை அனுப்பினார். அதன் மேல் "கிருமி முற்றிலும் நீக்கப்பட்டது" என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. அப்படியே திருப்பி அனுப்பி, செத்த மண்ணுக்குச் செத்த மண்ணா என்று கேட்கச் சொன்னேன். மறுநாள் உன் அப்பா, யாரும் சொல்லாமலே, சேக்காட்டில் உன் அத்தை தோட்டத்திலிருந்து நல்ல மண்ணை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் கொட்டினார், நான் மக்கிய சாணத்தோடு கிளறித் தண்ணீர் தெளித்தேன். பலன் எப்படி என்று இந்தப் போகம் போனால்தான் தெரியும்.

நேற்று நானே அவர்கள் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று, என் மகள் பேசியதை முழுதாகக் கேளுங்கள் என்றேன். பவ்யாவின் அம்மா மட்டும், "நான் கேக்கறேன்கா, எல்லாரையும் உக்கார வெக்கறேன்" என்றாள். நீ மறுபடி கம்ப்யூட்டரில் அவர்களிடம் பேசுவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாகியிருக்கிறது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிடாதே. இந்தத் தடவை முதலில் வைரஸ் எத்தனை என்று எண்ணிக்கை சொல்லாதே, அது இல்லாவிட்டால் எது சாகும் என்று சொல். சிரித்துச் சிரித்தும் பேசாதே. உனக்கும் கோபம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் விழிக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் நீ நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஜெ. வசந்தா
அயனம்பாக்கம்