பேட்டரி நாற்காலி ஆற்றங்கரைக்குப் போனது

லெப்பைக்குடிக்காடு
9.2.1986

துபாயில் இருக்கும் அன்பு அண்ணன் அப்துல் சுக்கூருக்கு, தங்கை ஆயிஷா பீவி ஸலாம் கூறி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

நடக்காத என் கால்களுக்காக நீங்கள் அனுப்பிய பேட்டரி நாற்காலியை மீரான் மாமா பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் பதினைந்து நாள் அது போர்வைக்குள்தான் கிடந்தது. அதன் பிளக்கின் சதுரக் கால்கள் நம் சுவரில் நுழையவில்லை. அம்மாவோ, "கரண்டுல ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சுக்கூருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று கிட்டவே விடவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பெரம்பலூர் கடையில் சார்ஜ் ஏற்றி வரலாம் என்றார் மாமா. வாரா வாரம் அந்தப் பாரத்தை யார் தூக்குவது?

கடைசியில் வயர்மேன் முருகையனை அழைத்து வந்தார். பிளக்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று நான் அவசரப்பட்டேன். "எர்த் இல்லாத வூட்டுல இத மாட்ட மாட்டேம்மா. இரும்பு நாற்காலி. கரண்டு கசிஞ்சா ஒன்னால குதிச்சு எறங்க முடியுமா?" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் உண்மைதானே.

எர்த்துக்காகக் கிணற்றடியில் ஆழக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். அங்கிருந்து கம்பி இழுத்து, என் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஜன்னல் பக்கமாகத் தனி பிளக் பாயிண்ட் வைத்தார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும், நெருப்பு ஆகாது என்றும் சொன்னார். அன்று முதல் அம்மா சாம்பிராணிச் சட்டியை அந்தப் பக்கம் கொண்டுவருவதே இல்லை. பீடியோடு வந்த மாமாவையும் விரட்டிவிட்டார்!

நேற்று விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நானே சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மாலை அஸருக்குள் அது பச்சையாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அண்ணா, இருபத்தாறு வருஷமாக நான் எங்கே போனாலும் தள்ளிக்கொண்டு வருகிற யாராவது என் பிடரியில் மூச்சு வாங்குவார்கள். நேற்று ஒரு சத்தமும் இல்லை. வீடுகள் மட்டும் பின்னால் போயின. வெள்ளாற்றங்கரையில் தார் முடிகிற இடம் வரை போய்விட்டேன். மணலுக்கு நடுவே தண்ணீர் மினுங்கியது. சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று, ஒரு கம்பி வழியே வந்து, என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டதே!

திரும்பியபோது அம்மா தெருவில் அழுதுகொண்டு நின்றார். திட்டவில்லை. சக்கரத்து மணலைத் தன் முந்தானையால் துடைத்தார்.

ஆறு வருஷமாக என் செலவுக்காகத்தான் ஊர் வரும் பயணத்தைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். நீங்கள் போன அன்று எல்லோரும் பஸ் வரை வந்தார்கள். நான் வாசலோடு இருந்துவிட்டேன். இந்த முறை தேதியை மட்டும் எழுதுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் நான் வந்திருப்பேன். அல்லாஹ் உங்களைச் சுகமாக அழைத்து வரட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
ஆயிஷா