காங்கிரஸ்காரர் கேட்காத கேள்வி

அண்ணை,

இன்று பல் வைத்தியரிடம் போய்க் காத்திருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி. ஜனாதிபதி எதையோ தன்பாட்டில் செய்துவிட்டாராம், தங்களிடம் கேட்கவில்லை என்று காங்கிரஸ் கத்துகிறது. என் வாய் சும்மா இருந்ததா? "காங்கிரஸ்காரர் விடமாட்டாங்கள்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் விளங்காமல் பிரெஞ்சில் "பர்தோன்?" என்றாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? இதைச் சொல்லிச் சிரிக்க இந்த ஊரில் எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடை. ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். யாரோ தெருவோரம் விட்டுப்போன தொலைக்காட்சியை நானும் நீங்களும் மொன்றியல்-நோர் பகுதியில் இருந்த எங்கள் அறைக்குத் தூக்கிவந்தோம். படிக்கட்டில் நீங்கள் என்னைப் பேசிய பேச்சு, அப்பப்பா! உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை இருவருக்கும் பின்னேரம்தான். பகலில் படம் பார்க்கலாம் என்று நான் ஆசைப்பட, நீங்களோ அன்டெனாவைத் திருப்பித் திருப்பி, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பிளாட்ஸ்பேர்க்கிலிருந்து வரும் அலைவரிசையைப் பிடித்தீர்கள். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி அங்கேதான் இருந்தார். கனடா எல்லையை இறுக்கிய ஆண்டு அது. அவருக்கு அகதி நேர்முகத்துக்கு ஒரு திகதியைக் கொடுத்து, அதுவரை அந்தப் பக்கமே நில் என்று சொல்லியிருந்தார்கள். "அங்கை மழையாம்" என்பீர்கள், காலநிலை பார்த்துவிட்டு. எங்கள் யன்னலில் வெயில் அடிக்கும்.

அதே அலைவரிசையில் பகல் முழுக்க விசாரணை. அமெரிக்க ஜனாதிபதியின் ஆட்கள் காங்கிரசுக்குத் தெரியாமல் ஆயுதம் விற்றுவிட்டார்கள். பதக்கம் குத்திய அதிகாரியையே இருத்திவைத்துக் கேள்விமேல் கேள்வி. நீங்கள் வாய் பிளந்து பார்த்தீர்கள்.

"தம்பி, இந்தக் காங்கிரசுக்கு எத்தினை சீற்?"

விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊரில் காங்கிரஸ் என்றால் கட்சி அல்லவா! "அண்ணை, அது கட்சியில்லை. அதுதான் அவையின்ர பாராளுமன்றம்."

"விசர்க்கதை கதையாதை. பாராளுமன்றம் ஜனாதிபதியின்ர ஆக்களைக் கேள்வி கேக்குமோ?"

உங்களையும் குறை சொல்ல முடியாது. ஆளும் கட்சி உறுப்பினர்கள் திகதி போடாத ராஜினாமாக் கடிதத்தை ஜனாதிபதி கையில் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் கையுயர்த்திய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

அதன் பிறகும் நீங்கள் காங்கிரஸ்காரர் என்பதை விடவில்லை. அவர்கள் உங்களுக்குச் சொந்தக்காரராகவே ஆகிவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் உறுப்பினரைக் காட்டி, "கண்ணாடிக்காரன் இண்டைக்கு நல்லாக் கேட்டவன்" என்பீர்கள். ஒருநாள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பெரிய பெரிய ஆக்களையே இருத்திக் கேக்கிறாங்கள். என்ர மனுசிக்காக ஒரு கேள்வி கேக்கமாட்டாங்களோ?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் தொலைக்காட்சி விசாரணை முடிந்தது. கனடா கொடுத்த திகதி வர முன்னமே அமெரிக்க அதிகாரிகள் அக்காவைப் பிடித்துக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அக்கா தங்கியிருந்த தேவாலயத்து ஆள்தான் தொலைபேசியில் சொன்னார். நீங்கள் அழவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "செய்யிறவன் செய்துபோடுவான் தம்பி. கேக்கிறவன் பிறகுதான் கேப்பான்" என்றீர்கள். வேலைக்கு நேரமாகிறது என்று சப்பாத்தைத் தேடினீர்கள்.

ஊருக்குப் போன அக்காவிடமிருந்து கொஞ்சக் காலம் செய்தி வந்தது. பிறகு ஊரில் சண்டை மூண்டது. பிறகு ஒன்றுமே இல்லை. சாகும்வரை நீங்கள் தனியாகவே இருந்தீர்கள். இப்போது லவாலில் நானும் அப்படித்தான், கதைக்க ஆளில்லாமல் கிடக்கிறேன்.

ஆனால் தேர்தலுக்கு வாசல் தட்டுகிற ஒருவரையும் இலேசில் விடுவதில்லை. "உங்கள் அரசாங்கம் ஒருவரை விமானம் ஏற்ற முன்னம் உங்களைக் கேட்குமா?" என்பேன், என் உடைந்த பிரெஞ்சில். சிரித்துவிட்டுத் துண்டுப் பிரசுரத்தைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். போன தடவை வந்த இளம்பெண் மட்டும் நின்றாள். யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றாள்.

தங்கேஸ்வரி என்றேன், அக்காவின் பெயரை.

அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். சொல்லத் தொடங்கினேன் அண்ணை. பாதியில் நிறுத்தி, அவள் போய்விடுவாளோ என்று பார்த்தேன். அவள் போகாமல் நின்றாள். மீதியையும் சொல்லி முடித்தேன்.