செல்வி குங்குமம் கொடுக்கப் போயிருக்கிறாள்

என் அன்புள்ள முனியம்மா,

எழுத்து மேலும் கீழுமாய் ஓடுகிறது, பொறுத்துக்கொள். உப்பு வாரிய கைக்குப் பேனா இன்னும் பழகவில்லை. ஆனால் மேலே உன் பெயரை நானே எழுதினேன், பார்த்தாயா? நீயும் படிக்காதவள். அதனால் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நம் செல்வி காலையில் அனுமந்தைக்குத் தனியாக பஸ் ஏறினாள். உன் அக்கா வீட்டுக்கு. இன்னும் வரவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ரோட்டைப் பார்க்கிறேன், மறுபடி உட்கார்கிறேன்.

நம் மருமகளுக்கு வளைகாப்பு. குங்குமம் கொடுத்து வாயால் அழைக்காவிட்டால் உன் அக்கா வருவாளா? நீ இல்லாத வீட்டில் நாத்தனார் செல்விதானே போகவேண்டும். "நானே போறேம்பா" என்றாள். விருந்தாளி செருப்புச் சத்தம் கேட்டாலே முப்பது வயசிலும் பின்கட்டுக்கு ஓடியவள்!

கூச்சம் என்று சொல்லித் தாயத்து கட்டினோம். ஒரு கல்யாணத்தில் உன் அக்கா, "வாயில இன்னாடி, கொழுக்கட்டையா? திமிரு" என்றபோது, "அவளுக்குத் தலைவலி" என்று நீ முன்னால் போய் நின்றாய். பிறகு கூட்டிப்போய்க் காட்டிய பாண்டிச்சேரி டாக்டரம்மா, நாலு பேர் பார்த்தால் தப்பாகிவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்குகிற நோய் இது, குணமாகும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பயப்படுகிற காரியத்தைச் சின்னதிலிருந்து பழகச் சொன்னார்கள். முதலில் கடையில் தீப்பெட்டி கேட்டாள். பிறகு பஸ்ஸில் டிக்கெட். "நீங்க அவளுக்காகப் பேசாதீங்க ஐயா." இது எனக்குக் கொடுத்த மருந்து. கசக்கிறது.

எனக்கு அந்தப் பயம் எப்போது புரிந்தது தெரியுமா? எழுதப் படிக்கச் சேர்ந்த முதியோர் வகுப்பில் டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்ட அன்று. எல்லாம் தெரிந்த கிழங்கள்தான். ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது, கையிலிருந்த சாக்பீஸ் ஈரமாகிவிட்டது. எனக்கு ஒரு சாயங்காலம். அவளுக்குத் தினமும் இப்படியா இருந்தது?

இன்று நானும் பின்னாலேயே பஸ் ஏறப் பார்த்தேன். "யப்பா, நீ வந்தா நீதான் பேசுவ. போ ஊட்டுக்கு" என்று விரட்டிவிட்டாள்.

இரு, செருப்புச் சத்தம்.

அவள்தான். முகமெல்லாம் வேர்வை.

"கை நடுங்கிக் குங்குமம் கொட்டிடுச்சுப்பா."

வளைகாப்புக் குங்குமம் கொட்டலாமா? அதுவும் உன் அக்கா முன்னால்?

"ஓடி வந்துட்டியா?"

"ஓடத்தான் தோணுச்சு. நின்னேன். 'கொட்டிடுச்சு பெரிம்மா, ஆனா நீங்க வந்துடணும்'னேன். பாதிக் குரல்தான் வந்துச்சு. பெரிம்மா குனிஞ்சு கீழ கெடந்தத தொட்டு நெத்தியில வெச்சுக்கினு, 'கொழுக்கட்டை எறங்கிடுச்சா? வர்றேன் போடி'ன்னாங்க."

செல்வி சிரித்தாள், முனியம்மா. சிரித்துக்கொண்டே குங்குமச் சிமிழை மறுபடி நிரப்பினாள். நாளைக்கு இன்னொரு வீடு இருக்கிறது.

நான் கூடப் போகமாட்டேன், அவளுக்காக வாய் திறக்கமாட்டேன், உன் மேல் ஆணை. அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்ததும், வாசலில் நின்று அவள் யார் யாரை "வாங்க" என்றாள் என்று இதே பேனாவால் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா ஏழுமலை