நிரந்தரம் என்று வாசித்தேன்

ஐப்பசி 9, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் முகாமில் இன்று சான்றிதழ் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. அச்சானதும் பிழை பார்க்க ஒவ்வொருவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். உவரி அந்தோணிக்கும் அப்படித்தான் வாசித்தேன். படகுக் கயிற்றில் சிக்கி அவருக்கு வலது கை விளங்காமல் போய் எட்டு மாதம். பெயர் சரி, ஊர் சரி என்றார். "பாதிப்பு நிரந்தரம்" என்றதும் நிமிர்ந்தார்.

"அப்டின்னா? இனிமே கை வராதா, அண்ணாச்சி?"

"வருசா வருசம் புதுப்பிக்க அலைய வேண்டாம், நல்லதுதான்" என்றேன். என் நாக்கில் சனி.

அவர் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். "ஏளா, எல்லாரும் பைய சரியாயிரும்னுதான சொன்னாவ?"

அந்த அம்மா தரையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "இனி இல்லை" என்பதை நம்மூரில் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. காகிதத்தில் எழுதி வைத்துவிடுகிறோம். எட்டு மாதம் எல்லோரும் பொத்திவைத்ததை நான் வரிசையில் நிற்பவர்கள் காதுபட உரக்க வாசித்துவிட்டேன்.

சான்றிதழை இடது கையால் வாங்கினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"கிழிஞ்ச வலையத் தைக்கவாவது வருமா?"

"பைய சரியாயிரும்" என்றேன், நானும்.