முப்பத்தெட்டு கணினியிலும் என் எண்

2025 நவம்பர் 11, செவ்வாய், காலை 10.40. பூந்தமல்லியில் அறை எடுத்து இன்றோடு 97 நாள்.

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா பிரஷர் மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

சின்ன விஷயம், பயப்படாதீர்கள். அம்பத்தூர் ஆலையில் முப்பத்தெட்டு கணினிகளிலிருந்து சர்வர் என்ற மையக் கணினிக்கு, மிஷின்களை ஓட்டவும் நிறுத்தவும் கட்டளை போகும். அதை அனுப்பும் சி மொழிப் புரோகிராம் நான் எழுதியது. கட்டளையோடு அனுப்புகிறவரின் ஊழியர் எண்ணும் போக வேண்டும். சோதனைக்காக என் எண்ணையே எழுதி வைத்தேன். மூன்று வாரம் முன்பு அதை மாற்றாமலே எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டேன். சர்வர் எதையும் சரிபார்க்காது, சொன்னதை நம்பிவிடும்.

நேற்று யாரோ ஒரு மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள். சர்வர் பதிவில் என் பெயர். சூப்பர்வைசர் சரவணக்குமார் பதிவைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, மூணு வாரமா நீ ஒருத்தனே மொத்த கம்பெனியையும் ஓட்டிகினு கீற! ஞாயித்துக்கிழமை கூட நீதான்!"

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்ல இருந்தேன் சார்."

"அது சர்வருக்குத் தெரியுமா? மேனேஜர் பாக்கறதுக்குள்ள பதிவ கமுக்கமா மாத்திடு."

அப்படி மறைக்க எனக்கு வராது. வெள்ளிக்கிழமைதான் வேலை நிரந்தரமாகுமா என்று முடிவு செய்கிறார்கள். உட்காரவே முடியவில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். புதியதில் தூக்கம் வரவில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் சரி. மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். இனிச் செய்யப் போவது:

1. புரோகிராமில் என் எண்ணை எடுத்துவிட்டு, அவரவர் எண் போகும்படி எழுதுவேன்.
2. மூன்று வாரப் பதிவும் தவறு, தவறு என்னுடையது என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பேன்.
3. வெள்ளி மாலை நானே போன் செய்வேன். அதுவரை அப்பாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

இவான்