பிடுங்காமல் விட்ட செடிகள்

ஜூலை 6
அவர் போய்ச் சேர்ந்து நாற்பத்தாறு நாள். கடலை முளைத்து இருபது நாள். இரண்டையும் ஏன் சேர்த்து எண்ணுகிறேன்?
கொழுந்தனார் வரப்பில் நின்றபடியே பேசினார். இந்த ஒரு போகம் பார்ப்பாராம். விளையாவிட்டால் நிலத்தை அவரே எடுத்துச் செய்வாராம். தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 14
மேற்குப் பக்கம் நாலைந்து செடி குறுகி நிற்கிறது. இலையில் மஞ்சள் வளையம், கொழுந்து கருகல். தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாகப் பாய்ச்சினேன்.

ஜூலை 19
தண்ணீர் அதிகமாகிவிட்டதோ? மருந்துக்கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். அடித்தேன். நாலைந்து இப்போது முப்பது.

ஜூலை 23
வேளாண்மை அலுவலகத்துப் பெண் வந்து, மண்ணில் மண்டியிட்டு இலையைப் பார்த்தாள். வைரஸாம். கண்ணுக்குத் தெரியாத இலைப்பேன் கொண்டுவருகிறதாம். மருந்து கிடையாதாம். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு டாக்டர் — வேண்டாம்.
பிடுங்கிப் போடட்டுமா என்று கேட்டேன்.
"பிடுங்காதீங்கக்கா. வெறுந்தரை தெரிஞ்சா பூச்சி அங்கதான் இறங்கும். நெருக்கி விதைச்சிருந்தா இவ்வளவு வந்திருக்காது."
அவர் நெருக்கித்தான் விதைப்பார். பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி என்று வருஷா வருஷம் திட்டுவேன். "கடலைக்குக் கூட்டம் பிடிக்கும்டி" என்று சிரிப்பார். இந்த வருஷம் என் இஷ்டத்துக்கு எட்ட எட்டப் போட்டேன். காரணம் தெரிந்துதான் செய்தாரா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? நான் சொல்ல விட்டேனா?

ஜூலை 24
பக்கத்திலிருக்கிற கொழுந்தனார் கடலையிலும் அதே நோய்; அவர் நோய்ச்செடி ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார். வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது.
"என்ன அண்ணி, நோயாளியைக் கூட்டிவச்சு விருந்தா வைக்கிறீங்க?"
குனிந்து ஒரு செடியைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். படித்தவள் பேச்சைக் கேட்பதா, பாடுபடுகிறவர் பேச்சையா?

ஆகஸ்ட் 2
பிடுங்கவில்லை. அந்தப் பெண்ணை நம்பியா, கை வைக்கப் பயந்தா — எனக்கே புரியவில்லை.

ஆகஸ்ட் 20
பிடுங்கிய இடத்தைச் சுற்றியும் நோய் வந்து, கொழுந்தனார் வயலில் வழுக்கை பரவுகிறது. எனக்குச் சந்தோஷமா? சீச்சீ. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் 28
கடலை பிடுங்கினோம். குட்டைச் செடிகளில் ஒன்றுமில்லை, சுருங்கிய சொத்தைதான். அவற்றை ஒட்டி நின்றவை காய்த்திருக்கின்றன. போன வருஷத்தில் பாதி வரும். பாதி என்றால் விளைந்ததா, விளையவில்லையா?
மத்தியானம் கொழுந்தனார் வந்து குவியலுக்கு எதிரே உட்கார்ந்து காய் ஆயத் தொடங்கினார். அவர் தன் வயலில் இன்னும் கடலை பிடுங்கத் தொடங்கவில்லை. ஆய்ந்துகொண்டே திரட்சியான காய்களை ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளினார்.
"இதை அடுத்த போகத்து விதைக்கு எடுத்து வச்சுக்கோங்க, அண்ணி."
சாக்கைப் பிரித்துப் பிடித்தேன். அவர் அள்ளிப் போட்டார்.