நாற்பத்தேழாம் எண் குப்பி

ஏப்ரல் 17, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கரா-பால்டா ஆராய்ச்சி நிலையக் கொட்டகையில் கால் வைக்க முடியாத சேறு. இருந்தாலும் அறுபது ஆட்டுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டோம். சல்தனாத் காது வில்லையைப் பார்த்து எண்ணைக் கத்துவாள். நான் அதே எண் போட்ட குப்பியை எடுத்து, எண்ணைத் திருப்பிக் கத்திவிட்டு ஊசி போடுவேன். இருபது வருஷமாக இருவரும் இப்படித்தான் கத்திக்கொண்டிருக்கிறோம். "உன் தொண்டைக்கே ஆடு மயங்கி விழுது, மருந்து எதுக்குடி?" என்பாள்.

எங்கள் ஆய்வின் வேதியியலாளர் துர்துபெக் செய்த மணிகள் அழகாக வந்திருக்கின்றன. கடுகில் பாதிகூட இல்லாத பாலிமர் உருண்டைகள். முப்பது குப்பிகளில் மணிக்குள் உயிருள்ள கிருமி இருக்கிறது. கருச்சிதைவுக் காய்ச்சலின் கிருமி, வலுக்குறைத்தது. ஆட்டுக்கு அது தடுப்பு மருந்து, மனிதருக்கு நோய். மீதி முப்பதில் வெறும் மணி. எது எதுவென்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பட்டியல் துர்துபெக்கிடம் இருக்கிறது, ஒரு நகல் இயக்குநரின் பெட்டகத்தில். "நானே வந்து அழுதாலும் சொல்லாதே" என்று அவனிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான்.

எழுத வேண்டியதை விட்டுவிட்டு எதையெதையோ எழுதுகிறேன்.

நாற்பத்தேழாம் ஆடு உதறியது. இல்லை, பொய். ஆடு சும்மாதான் நின்றது. என் கை நடுங்கியது. ஊசி கையுறையைத் தாண்டி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. சல்தனாத் அடுத்த ஆட்டைப் பிடிக்கக் குனிந்திருந்தாள். ஊசியை மாற்றி மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டேன். "நாப்பத்தெட்டு!" என்று அவள் கத்தினாள். நானும் கத்தினேன்.

ஏப்ரல் 18

சொல்லவில்லை.

சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினோரு வருஷமாக ஒரு வரிகூட இல்லாத பதிவேடு. ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் இயக்குநர் ஒர்மோன் பைக்கே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, வெள்ளை வெளேர்னு இருக்கு!" என்பார். என்னவோ நாங்கள்தான் தினமும் அதை வெளுத்துக் காயப்போட்டது மாதிரி கைதட்டுவோம். நான் எழுதினால் விசாரணைக் குழு வரும். கொட்டகையை மூடுவார்கள். என் இரண்டு வருஷம், துர்துபெக்கின் ஆறு வருஷம்.

அதோடு, கை ஏன் நடுங்கியது என்று கேட்பார்கள். ஏன் நடுங்கியது?

ஏப்ரல் 23

கட்டைவிரலில் ரவை அளவுக்கு ஒரு கட்டி. மணி உள்ளே இருக்கிறது.

ஆராய்ச்சி உதவித்தொகை விண்ணப்பத்தில் நானே எழுதிய வாக்கியம்: "ஒரே ஊசி, அறுபது நாட்களுக்கு மெதுவாக வெளியிடும்." எத்தனை பெருமையாக எழுதினேன்!

மே 3

சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. வெளியே இன்னும் குளிர்தான். மக்சாத் என் தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "வயசாகுதுல்ல, எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான்" என்றார். ஆமாம் என்றேன். என் கணவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. இரண்டு கிண்ணம் சூப் குடித்தும் எனக்குப் பசி அடங்கவில்லை. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது.

இந்த நோய்க்கு முதலில் வியர்க்கும். வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மே 8, செவ்வாய்

இருபத்தோராம் நாள். ஆடுகளின் ரத்தம் எடுத்தோம். யாரும் இல்லாத நேரம் பார்த்து என் ரத்தத்திலும் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு சோதனை மருந்தைக் கலந்தேன். திரிதிரியாகத் திரண்டது. நோய் இருந்தால் அப்படித்தான் திரளும். ஆனால் இந்தக் கொட்டகையில் இருபது வருஷம் வேலை பார்த்த எங்கள் எல்லோருடைய ரத்தமும், பழைய கிருமியின் தடத்தால், எப்போது சோதித்தாலும் திரளும். எங்கள் ரத்தத்திடம் கேட்டுப் பயனில்லை.

நாற்பத்தேழின் ரத்தம் திரளவில்லை. அதற்கும் அர்த்தமில்லை. மணி மெதுவாகத்தான் கரையும்.

அந்த ஆடு என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டே நின்றது. உனக்கென்ன, சனியனே!

மே 11

துர்துபெக்குக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்து, "உன் மணி மனுஷன் உடம்புல போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"என்ன, உனக்கே போட்டுக்கலாம்னு இருக்கியா? போட்டுக்க, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உனக்குக் கரு கலையாது!" என்று ஹோவென்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "நாப்பத்தேழு என்னன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏய்! நீயேதான் சத்தியம் வாங்கின. அழுதாலும் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டான். கழிப்பறையில் போய் அழுதேன்.

மே 16

சல்தனாத் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனாள். "கண்ணாடியில உன் கழுத்தப் பாத்தியாடி? கோழிக்குஞ்ச முழுங்கின மாதிரி இருக்கு!"

அறுவை மருத்துவர் புருல். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, என் விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். அது படபடவென்று ஆடியது.

"எத்தனை மாசமா நடுங்குது, எஜே?" என்றாள், சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல.

யோசித்தேன். ஜனவரியிலிருந்து. தேநீர்க் கிண்ணம் ஆடுவதைக் குளிர் என்று நினைத்திருந்தேன். கழுத்துச் சுரப்பியில் கட்டியாம். ஹார்மோனை அளவுக்கு மேல் கொட்டுகிறதாம். வியர்வை, பசி, எடை, நடுக்கம் எல்லாம் அதனால்தான். முதலில் மாத்திரை, பிறகு வெட்டி எடுக்க வேண்டும். பக்கத்திலேயே குரல் நரம்பு ஓடுகிறது. "நூத்துக்கு ரெண்டு பேருக்குக் குரல் போகலாம். மறைக்காம சொல்லிடறேன்."

அவள் மறைக்கவில்லை.

"உங்க ரத்தத்துல என் கை நனையப் போகுது. ஒட்டிக்கிற நோய் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

மே 20

வியர்வைக்குக் கழுத்துதான் காரணமா? கழுத்து மட்டும்தானா? இரண்டும் சேர்ந்திருந்தால்? உட்கார்ந்தால் இதைத்தான் நினைக்கிறேன், நின்றால் இதைத்தான் நினைக்கிறேன். முதுகும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. முதுகு கழுத்துக் கணக்கில் வராதே. எலும்பையும் மூட்டையும் பிடிப்பது அந்தக் காய்ச்சல்தான்.

மே 29

மாத்திரை வேலை செய்கிறது. கை நடுக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் மத்தியானமானால் காய்ச்சல். முப்பத்தெட்டு டிகிரி.

புருலின் கைகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சின்னக் கைகள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

ஜூன் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அறுவைக்கு நாள் குறிக்கத்தான் போனேன். அவள் காலண்டரை எடுத்தாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஊசி, மணி, நாற்பத்தொன்பது நாள், போன தடவை சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டியல் யார்கிட்ட இருக்கு?"

அவளே போன் செய்து ஒலிபெருக்கியைப் போட்டாள். துர்துபெக் விறைப்பாகப் பேசினான். "அவ அழுதாலும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"அவங்க அழல. நான் அவங்க கழுத்தை வெட்டப் போறவ, நான் கேக்கறேன். ஊசி அவங்க விரல்ல ஏறியிருக்கு. நாப்பத்தேழு."

காகிதம் புரளும் சத்தம்.

"உயிருள்ளது" என்றான். "அனார்குல், அங்க இருக்கியா? ஒரு எண்ணுதானே, முட்டாள்! ஒரு ஆட்டைக் கழிச்சா முடிஞ்சுது. மிச்சம் அம்பத்தொன்பது இருக்கு. அன்னிக்கே சிரிக்காம கேட்டிருந்தா சொல்லித் தொலைச்சிருப்பேனே!"

ஒரு ஆடு. ஒரே ஒரு ஆட்டுக்காக ஏழு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தேனா நான்?

கட்டைவிரலை அங்கேயே கீறி மணியை எடுத்தாள். கிருமி ஒழியும்வரை கழுத்து அறுவை தள்ளிப்போகிறது.

ஜூன் 6

பதிவேட்டில் எழுதினேன். முதல் பக்கம், முதல் வரி. "ஏப்ரல் 17. இடது கட்டைவிரல். குப்பி 47. சொல்லவில்லை." கை நடுங்கவில்லை.

ஒர்மோன் பைக்கே அதைப் படித்துவிட்டு, "பதினோரு வருஷம்மா..." என்றார். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 30

கிருமிக்கு இரண்டு மருந்து. அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறம். காய்ச்சல் இல்லை.

ஜூலை 12

குழு வந்தது. கொட்டகையை மூடவில்லை. தடித்த கையுறை வாங்கச் சொல்லிவிட்டு, பெஷ்பர்மக் கறி விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்கள். இதற்குத்தானா பயந்தோம்?

செப்டம்பர் 12

நாளை அறுவை. பயமாக இருக்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். மத்தியானம் கொட்டகைக்குப் போய் ஒன்றிலிருந்து அறுபதுவரை அத்தனை எண்ணையும் கத்தினேன். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. சல்தனாத் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

செப்டம்பர் 15

குரல் வரவில்லை. காற்றுத்தான் வருகிறது. புருல் நரம்பைக் கண்ணால் பார்த்தாளாம், அறுபடவில்லையாம். "கோவிச்சுக்கிட்டிருக்கு எஜே, தானா திரும்பும்" என்கிறாள்.

அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

வேலைக்குப் போனேன். குரல் பாதி திரும்பியிருக்கிறது, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி. சல்தனாத் எண்ணைக் கத்தினாள், நான் முனகினேன். அவளே எனக்கும் சேர்த்து இன்னொரு தடவை கத்திவிட்டு, "இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் என் காதுக்கு நிம்மதி" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

ஐம்பத்தொன்பது ஆடுகள். நாற்பத்தேழு தனிப் பட்டியில் கொழுத்துப்போய் நிற்கிறது.

கையுறை எடுத்ததற்குக் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குப் போனேன். பக்கத்தில் விபத்துப் பதிவேடு. யாரும் இல்லை, திறந்தேன். என் வரிக்குக் கீழே இன்னும் ஐந்து வரிகள், ஐந்து கையெழுத்துகள். மூன்றாவது சல்தனாத்துடையது: "2009, வலது உள்ளங்கை. சொல்லவில்லை." இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள்!

கடைசி வரியின் எழுத்து எனக்குத் தெரியும், என் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிற எழுத்து. இயக்குநரின் கால் இளவயதில் குதிரையிலிருந்து விழுந்ததில் ஊனமானது என்றுதான் நிலையம் முழுக்க நம்பியிருந்தோம்.

"1996, மார்ச். வலது முழங்கால், ஆட்டைக் கவட்டையில் பிடித்திருந்தபோது. ஒர்மோன்."

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.